பழைய எண்ணெயைத் திருப்பி ஊற்றச் சொன்ன நாள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், ஓய்வுபெற்று இத்தனை நாள் ஆகியும் என்னை வாட்ஸப் குழுவிலிருந்து நீக்காமல் வைத்திருக்கும் பழைய ஆட்களுக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். யாரோ ஒருவர் பழைய லாரி வாங்கி வந்திருக்கிறார். ஏகப்பட்ட கிலோமீட்டர் ஓடிய வண்டி. கியர் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று கேள்வி. அதற்கு வந்த பதில்களைப் படித்து எனக்கு எரிச்சலாக வந்தது. பாதிப் பேர் 'தொடாதே' என்கிறார்கள். மீதிப் பேர் 'வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாற்று' என்கிறார்கள். ஒருவர் கும்பிடு போடும் பொம்மை அனுப்பியிருக்கிறார். வண்டியை ஒரு நடை ஓட்டிப் பார்த்தாயா என்று ஒரு ஆளாவது கேட்க வேண்டாமா?

போனில் விரலால் தட்டித் தட்டிப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் உட்கார்ந்தே எழுதுகிறேன். நான் சொல்வது நம் கைக்கியர் லாரிகளுக்கு. ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கணக்கு வேறு, அதை அதில் கைதேர்ந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'தொடாதே' எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் ஆயில் மாற்றுவோம். அடுத்த வாரமே கியர்பாக்ஸ் முனகும், சில வண்டிகளில் உட்கார்ந்தே போகும். வண்டிக்காரர் நேராக நம்மிடம்தான் வருவார். நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டி, நீங்கள் தொட்ட பிறகுதான் இப்படி ஆயிற்று என்பார். கடைசியாக ஸ்பேனர் வைத்தவன் தலையில்தான் எல்லாம் வந்து விழும். என் பழைய முதலாளிக்கு அப்படி ஒருமுறை நடந்தது. யாரோ ஓட்டித் தேய்த்த பெட்டிக்கு அவர் புதுச் சாமான் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று நிலைத்துவிட்டது. பழைய வண்டி வாங்கி முதல்முறை வருகிறவர்களின் கியர்பாக்ஸை நாமாகத் தொடுவதில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடிபட்ட மனிதர்.

அந்தச் சட்டத்தை நான் மீறிய நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

பட்டறை அப்போது பெருந்துறை பைபாஸ் ஓரம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு சக்கர லாரி ஒன்று மாலையும் சந்தனமுமாக வந்து நின்றது. சென்னிமலை அடிவாரத்தில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராக எங்களிடம் வந்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் செல்வராசு. வாலிபம் முழுவதும் அடுத்தவர் லாரியை ஓட்டியவர், அன்றுதான் முதன்முதலாகச் சொந்த வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கோகிலா, இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பின்னாலேயே ஒரு காரில் கோகிலாவின் அண்ணன் தங்கவேல் வந்தார். சென்னிமலையில் தறிப் பட்டறை வைத்திருப்பவர். தனக்குத் தெரிந்த புரோக்கர் மூலம் தங்கைக் குடும்பத்துக்கு இந்த லாரியைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

மறுநாள் முதல் நடை. சத்தியமங்கலம் போய், பண்ணாரியம்மனைக் கும்பிட்டு, திம்பம் மலையேறித் தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு வர வேண்டும். முதல் நடை என்பதால் பெண்டாட்டி பிள்ளையையும் கேபினில் கூட்டிப்போகிறேன் என்று செல்வராசு பெருமையாகச் சொன்னார். என்ஜின் ஆயில், கிரீஸ், பில்டர் எல்லாம் பார்த்துக் கொடுங்கள் என்றார். கியர்பாக்ஸைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. தங்கவேல்தான் சொன்னார்.

"அதை மட்டும் தொட வேண்டாமுங்க. பழைய ஆயில்லதான் கியர் பழகி ஒக்காந்திருக்குமுங்க."

முதலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அதுக்கென்னங்க, நீங்க சொன்னாச் சரிங்க என்று சொல்லிவிட்டார்.

வேலையெல்லாம் முடிந்ததும் வழக்கம்போல நான் வண்டியை எடுத்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். கியர் விழுவது கொஞ்சம் கடினம், அது பெரிதில்லை. ஆனால் பெட்டியில் சத்தமே இல்லை. எனக்கு அங்கேதான் உறுத்தியது. அந்த வயது கியர்பாக்ஸ் ஏதாவது ஒரு கியரில் கொஞ்சமாவது முனக வேண்டும். புதுப் பெட்டியே லேசாகப் பாடும். இது வாயை மூடிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயில் ஊற்றும் பக்க மூடியைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டேன். விரலோடு சேர்ந்து எண்ணெய் பாகு மாதிரி நீண்டு வந்தது, அறுபடவே இல்லை. அந்தப் பெட்டிக்கு ஊற்ற வேண்டிய எண்ணெய் அது இல்லை. இருப்பதிலேயே கெட்டியான எண்ணெயோடு இன்னும் எதையோ கலந்து ஊற்றியிருந்தார்கள். விற்கிற நேரத்தில் தேய்ந்த பெட்டியின் சத்தத்தை அமுக்குவதற்குச் செய்கிற வேலை அது. பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது. சமவெளியில் பத்து நாள் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. மலையேறிச் சூடேறினால் அந்தப் பாகு இளகும். அதற்குள் லோடு ஏறியிருக்கும், வண்டி இறக்கத்தில் இருக்கும்.

இனிமேல்தான் நம் ஊர்ச் சங்கடம். மாலை போட்ட வண்டியைக் குறை சொல்லும் வழக்கம் நமக்குக் கிடையாது. கிரகப்பிரவேச வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அதிலும் வாங்கிக் கொடுத்த மச்சான் பக்கத்திலேயே நிற்கிறார். நானும் இந்த ஊரில் பிறந்தவன்தானே. ஒருக்கா கியர்பாக்ஸையும் பாத்துட்டாத் தேவலைங்க என்று தங்கவேலிடம் நயமாகச் சொன்னேன். பாத்தாப் போச்சுங்க, இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க என்றார். செல்வராசுவிடம் சொன்னேன். மச்சான் சொல்றபடி செஞ்சுக்கலாமுங்க என்று சிரித்தார். முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு விரலைக் காட்டினேன். நல்ல நாள் அதுவுமா எதுக்குங்க, ஒரு நடை போய்ட்டு வரட்டுமுங்க என்றார். இப்படி ஆளாளுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டே இருந்தோம், வண்டி கிளம்பத் தயாராகிவிட்டது.

சாவியைக் கேபினில் வைக்கலாம் என்று ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் ஒரு சென்னிமலைப் போர்வையை மடித்து விரித்திருந்தார்கள். சின்னத் தலையணை. பக்கத்தில் ஒரு பால் பிளாஸ்க், மூடியில் யானைக்குட்டி வைத்த தண்ணீர் பாட்டில். அந்தக் குழந்தைக்கு யாரோ அவ்வளவு பார்த்துப் பார்த்துப் படுக்கை போட்டிருந்தார்கள். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வண்டியைத் தர மாட்டேன் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உள்ளே இருப்பது சரியான எண்ணெய் இல்லை, ஏதோ கோளாறை மூடி வைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தங்கவேல் முகம் சிவந்துவிட்டது. அப்ப நான் என் தங்கச்சிக்குத் துரோகம் பண்ணிப்போட்டேன்னு சொல்றீங்களா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். உங்களைச் சொல்லவில்லை, எண்ணெயைச் சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

செல்வராசுவைப் பார்த்து, "திம்பத்துல லோடோட எறங்கறப்ப எந்தக் கியர்ல புடிச்சு வருவீங்க?" என்று கேட்டேன்.

"மூணாவதுலங்க. சில வளைவுல ரெண்டுங்க."

"அது கழண்டுபோச்சுன்னா?"

மலையில் லாரி ஓட்டியவருக்கு அந்தப் பதில் தெரியும். கியர் கழன்றால் மொத்த எடையும் பிரேக் மேல் வந்து உட்காரும், பிரேக் சூடேறிக் காய்ந்தால் அப்புறம் பிடிக்க ஒன்றும் இல்லை. தெரிந்தும் மச்சானை எதிர்த்து ஒரு சொல் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அப்போது கோகிலா முன்னால் வந்தார். அதுவரை அவர் குரலையே நான் கேட்கவில்லை.

"ஏனுங்ணா, மாத்துனா என்னாகும், மாத்தாட்டி என்னாகும்? ரெண்டையும் சொல்லிப்போடுங்க."

இத்தனை வருடத்தில் இவ்வளவு சரியாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் ஒளிக்காமல் சொன்னேன். மாற்றிய பிறகு சத்தம் வரலாம். இப்போது இல்லாத கோளாறெல்லாம் புதிதாக வந்த மாதிரி தெரியும். அப்படி வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், நாளைக்கு நடை கிடையாது. ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் அண்ணன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பேன். மாற்றாவிட்டால், ஓடினாலும் ஓடும். எந்த வளைவு வரைக்கும் ஓடும் என்று என்னால் சொல்ல முடியாது.

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க கோவிச்சுக்கிட்டா நான் ஊட்டுக்கு வந்து சமாதானம் பண்ணிக்குவேன். மலைகிட்டப் போய் யாரு சமாதானம் பண்றது?"

பிறகு என்னிடம், மாத்துங்க என்றார்.

எண்ணெயை ஒரு டப்பில் வடித்தேன். வடிவதற்கே வெகுநேரம் ஆயிற்று. வடிமூடியின் காந்தத்தில் ஈர விபூதி மாதிரி சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டியிருந்தது. தேய்மானத்தில் அது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். தங்கவேல் குனிந்து பார்த்தார். ஒண்ணுமில்லைங்களே என்றார். எனக்கும் அதைப் பார்த்து ஒரு நிமிடம் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றால் நல்ல நாளில் ஒரு குடும்பத்துக்குள் சண்டை மூட்டிவிட்டவன் நான்தான். ஆனால் அவ்வளவு கெட்டியான எண்ணெய் உள்ளே கிடக்கும் துணுக்குகளை முழுக்க இழுத்துக்கொண்டு வராது. பெட்டியைக் கழுவிவிட்டு, அதற்கு உரிய எண்ணெயை அளவாக ஊற்றினேன். செல்வராசுவையே ஓட்டச் சொன்னேன். இதை மட்டும் மறக்காதீர்கள், அந்த மாதிரி நேரத்தில் ஸ்டீயரிங்கில் நாம் உட்காரக் கூடாது. அவர் ஓட்டினார், தங்கவேல் நடுவில், நான் கதவோரம்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு மேம்பாலம். ஏறும்போதே பெட்டி முனக ஆரம்பித்தது. உச்சியைத் தாண்டி மூன்றாவது கியரில் இறங்கும்போது செல்வராசு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கியர் கம்பி அவர் கைக்கு அடியிலிருந்து எகிறி நியூட்ரலில் போய் நின்றது. காலி வண்டி, சின்ன இறக்கம், அதனால் அவர் பிரேக்கை மிதித்து ஓரம் கட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கையை அந்தக் கம்பியிலிருந்து எடுக்கவே இல்லை.

இனி எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு. பட்டறைக்குள் வண்டி வந்து நின்றதும் தங்கவேல் குதித்து இறங்கினார். வந்தப்பச் சத்தமே இல்லாத வண்டிங்க, உங்காளு ஆயிலை மாத்திக் கெடுத்துப்போட்டாருங்க என்று முதலாளியிடம் போய் நின்றார். நம் தொழிலில் எல்லோரும் எதற்குப் பயப்படுகிறோமோ அது என் எதிரில் வந்து நின்றது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். மாற்றுவதற்கு முன்னால் சத்தம் இல்லை, மாற்றிய பிறகு இருக்கிறது. கேட்கிற யாரும் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. என்னைக் கம்ப்ரெஸருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். காதோடு காதாகச் சொன்னார்.

"அந்தப் பழைய ஆயில் டப்புலதானுங்க இருக்குது. திருப்பி ஊத்திப்போடுங்க. சத்தம் அடங்கிரும். எப்படி வந்துச்சோ அப்படியே அனுப்பிப்போடலாமுங்க."

அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம். அரை மணி நேர வேலை. சத்தம் அடங்கும், தங்கவேல் கோபம் அடங்கும், பட்டறைக்குப் பெயர் கெடாது. மேம்பாலத்தில் கழன்றதை, எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் செல்வராசு நம்பியும் விடுவார். அவருக்கே நம்பத்தான் ஆசையாக இருந்திருக்கும். மாலை இன்னும் வாடக்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் பதில் பேசினால் வேலை போய்விடும் என்று தெரிந்தது. நேராகப் போய் அந்த டப்பைத் தூக்கினேன். கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் கவிழ்த்தேன். அது சொத்தென்று கொட்டவில்லை, பாகாக நீண்டு இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் திருப்பி ஊற்ற ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, பெட்டியைப் பிரிக்கப்போகிறேன், கெட்டது என் கையால் என்றால் சாமான் என் பொறுப்பு என்று சொன்னேன். முதலாளி ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கவேல் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோகிலா, அண்ணா, அவரு மொதல்லயே சத்தம் வரும்னு சொன்னாருங்க என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் முன்கூட்டியே வாய் திறந்து சொன்ன அந்த ஒரு வாக்கியம் அன்று எனக்குக் கைகொடுத்தது. சத்தம் வந்த பிறகு சொல்லியிருந்தால் சாக்காக இருந்திருக்கும்.

பெட்டியை இறக்கி மேல்மூடியைக் கழற்றச் சாயங்காலம் ஆகிவிட்டது. கழுவியும் வராத பித்தளைத் துணுக்குகள் அடியில் உமி மாதிரி கிடந்தன. மூன்றாவது கியரில், வந்து கோத்துக்கொள்ளும் பற்கள் முனை மழுங்கி உருண்டுபோயிருந்தன. கழற்றிய அந்தச் சக்கரத்தை நான் தங்கவேலிடம் கொடுக்கவில்லை. துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அதைக் கையில் எடுத்து, பற்களின் முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். தறிக்காரர். தேய்ந்த பல் சக்கரம் எத்தனையோ கழற்றி மாட்டியிருப்பார்.

"இது இன்னைக்குத் தேஞ்சது இல்லீங்க," என்றார். "வருசக்கணக்கா ஆயிருக்குமுங்க."

அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டே தங்கை பக்கத்தில் போய் நின்றார். ஏமாந்துட்டேன் அம்மணி என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தங்கையையும் குழந்தையையும் அதே வண்டியில் ஏற்றி அனுப்ப இருந்தவர் அவர். நல்லது செய்ய நினைத்தவர்தான், ஏய்த்தவன் எங்கேயோ இருக்கிறான். புரோக்கரிடம் அவர் போய் என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டி முழுக்கச் சரியாகும்வரை தினமும் தறியை விட்டுவிட்டு வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார், அதோடு அந்தச் சட்டமும் ஒழிந்தது.

இப்போது கேள்வி கேட்ட தம்பிக்கு வருகிறேன். மாற்று. பழைய எண்ணெய்தான் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால், அப்படிப்பட்ட பெட்டியை நம்பி ஒருவர் எப்படி ஓட்டுவார் என்று அவரையே திருப்பிக் கேள். மாற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார், விரலை விட்டுப் பார். என்னவெல்லாம் வரலாம் என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே உடைத்துச் சொல். மாற்றிய பிறகு அவரையே ஓட்டச் சொல். அதற்கும் மேல் சத்தம் வந்தால், வரட்டும். நீ மாற்றியதால்தான் வந்தது என்று நான்கு பேர் சொல்வார்கள், சொல்லட்டும். நீ அந்த இடத்தைவிட்டு நகராதே. கையெழுத்து வாங்கினால் நீ தப்பிப்பாய். வண்டியில் போகிறவர்கள் அதனால் தப்பிக்க மாட்டார்கள்.

செல்வராசுவின் முதல் நடை தள்ளிப்போய் நடந்தது. மாலையைப் புதிதாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அன்று மத்தியானம் நான் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்தது. பண்ணாரியிலிருந்து செல்வராசு. கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டதாகச் சொன்னார். கொஞ்சம் முனகுதுங்க, ஆனா மூணாவது அப்படியே நின்னுதுங்க என்றார். பின்னாலிருந்து கோகிலா போனை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"எனக்கு ஒவ்வொரு வளைவுலயும் பயந்தானுங்ணா," என்றார். "பாப்பா மேல இருந்து கீழ வரைக்கும் தூங்கிட்டே வந்துட்டா."